அலெக்சாண்டரின் ஆறு நாள்

மருத்துவமனைப் பிணவறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் அவருக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் அலெக்சாண்டர். எல்லாம் அவர் வாயால் வந்த வினை. உலகத்தையே வளைத்துப்போட்ட அந்த ராஜா எப்படிச் செத்தான் என்று ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். விஷம் என்பார்கள், காய்ச்சல் என்பார்கள், குடி என்பார்கள். அதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. செத்து ஆறு நாளாகியும் உடம்பு கெடவில்லை என்று ஒரு பழைய கதை இருக்கிறதே, அதைத்தான் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவன் சாகவே இல்லய்யா! கை கால் வராம, மூச்சு தெரியாம கெடந்திருக்கான். இவங்க அவசரப்பட்டுட்டாங்க."

அதனால் டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும், எந்த உடலையும் வந்த கையோடு குளிர்பெட்டிக்குள் தள்ள மாட்டார். சில மணி நேரம் வெளியே கிடத்தி, பிறகு தாடையைத் தொட்டுப் பார்ப்பார். செத்த உடம்பில் விறைப்பு முதலில் பிடிபடுவது அங்கேதான். தொட்டுவிட்டு "போயாச்சு" என்றால் போயாச்சு.

"இதுவரைக்கும் ஒருத்தராவது எந்திரிச்சாங்களாண்ணே?" என்று நர்சுகள் சீண்டுவார்கள்.

"இல்லம்மா. அதுக்காகப் பாக்காம விட்டுடுறதா?"

அன்று காலை பதினொரு மணிக்கு ஸ்ட்ரெச்சரில் வந்தது அவருடைய மனைவி. காலில் ஆரம்பித்த மரமரப்பு நான்கே நாளில் மூச்சுவரை ஏறி ஆளைக் கொண்டுபோய்விட்டது.

"மாமா, நாலு மணி நேரமாச்சு. உள்ள வச்சிரலாம்" என்றான் மனைவியின் தம்பி.

"ஆறு நாள் கெடந்தான்டா அவன். என்னை அவசரப்படுத்தாத."

மனைவியின் கையைப் பிடித்தார். நெற்றியைத் தடவினார். குனிந்து, "பயப்படாத, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொன்னதையே சொன்னார். தாடைப் பக்கம் மட்டும் கை போகவே இல்லை. தொட்டால் தெரிந்துவிடும் என்பது அந்தப் பாவி மனுஷனைவிட யாருக்குத் தெரியும்?

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "டாக்டர் சொன்னத நான் நம்பலப்பா. நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஏத்துக்கறேன்."

தொட்டார். தாடை இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. எத்தனையோ வீட்டாரிடம் சர்வசாதாரணமாகச் சொன்ன அந்தப் 'போயாச்சு'வை இன்று சொல்ல மனம் வரவில்லை.

"இன்னும் இறுகலம்மா" என்றார்.

மகள் பாய்ந்துபோய்த் தாயின் பாதங்களை எடுத்து, சூடு பிறக்கட்டும் என்று இரண்டு கைகளாலும் பரபரவென்று தேய்க்கத் தொடங்கினாள். "மாமா, நிக்காதீங்க, ஓடிப்போய் டாக்டரக் கூட்டிட்டு வாங்க!"

மனைவியின் தம்பி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். அவனைத் தடுக்க வேண்டியவர் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார்.