வால்டெமார் அத்தான் தூக்கிய கை

எங்கள் ஊரில் வால்டெமார் என்று விசாரித்தால் எல்லாரும் விழிப்பார்கள். கார்ரா என்று கேளுங்கள், வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். கார்ரா என்றால் பருந்தின் வளைநகம். ஆட்டுக்குட்டியைப் பற்றினால் விடாது. அரபியில் கைப்பிடி அளவைக் குறித்த சொல்தான் ஸ்பெயினில் இப்படி மாறி, இங்கே கப்பலேறி வந்ததென்று பள்ளிக்கூட வாத்தியார் சொல்வார். தோல் கிடங்கில் நானும் நெலிதா அக்காவும் வெட்டி எறிகிறோமே, கால்பக்கத்துக் காய்ந்த தோல் நுனி, அதற்கும் இதே பெயர்தான். பந்தாட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் உருகுவேக்காரர்களுக்கு அது வீரம். கால் முறிந்தாலும் மைதானத்தைவிட்டு வராதவனுக்குத் தரும் பட்டம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவின் கணவர் வால்டெமார் அத்தான் அந்தப் பட்டத்தை இருபது வயதில் வாங்கினார். இறுதி ஆட்டத்தில் கால் எலும்பு விரிசல் விட்டது. தரையில் கிடந்தபடியே விரல்களை வளைத்துக் கையைத் தூக்கினார். "விடாதீங்கடா" என்று மற்றவர்களுக்குக் கை காட்டினாராம். பிறகு எழுந்து கடைசிவரை ஆடினார். அந்தப் படம் இன்னும் கிளப் சுவரில் தொங்குகிறது. கால்தான் தேறவில்லை. நின்று செய்கிற வேலை எதுவும் நிலைக்காமல், கடைசியில் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்க உட்கார்ந்தார். யாராவது அந்தக் கதையை எடுத்தால் அடுப்பில் வெந்நீர் பார்க்கப் போய்விடுவார். என்ன அடக்கம் என்று ஊர் மெச்சும்.

போன வருடம் அவர் மகன் ரமிரோவுக்கு இறுதி ஆட்டத்தன்று கணுக்கால் பூசணிபோல் வீங்கியிருந்தது. ஆடினால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையிலேயே பயிற்சியாளர் பெர்டோமோ வந்துவிட்டார். அக்கா துடைத்த மேசையையே மறுபடி மறுபடி துடைத்தாள். அத்தான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நொண்டிக்கொண்டிருந்தார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

"கார்ராவோட ரத்தம்டா நீ. ஒரு ஊசி போட்டுக்கிட்டா ஆட்டம் முடியிறவரைக்கும் தாங்கும்" என்றார் பெர்டோமோ.

ரமிரோ அப்பாவைப் பார்த்தான்.

எல்லாரும் ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சும் மாத்தே தேநீர்க் குடுவை கைமாறி அத்தானிடம் வந்தது. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தார். மாத்தே சுற்றில் நன்றி சொன்னால் இனி எனக்கு வேண்டாம், நான் விலகிக்கொண்டேன் என்று அர்த்தம். அத்தான் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பெர்டோமோ குடுவையைப் பிடித்தபடியே இருந்தார்.

"அன்னைக்கு நான் கையத் தூக்குனது என்னை வெளியே எடுங்கன்னு கேக்கத்தான். வலியில விரல் மடங்கிப்போச்சு. ஒருத்தரும் வரல, எல்லாரும் கைதட்டுனாங்க. அதுக்கப்புறம் எப்படிப் படுத்துக் கிடக்கிறது?"

அக்காவின் கை அப்போதுதான் நின்றது. "எங்கிட்டகூடச் சொல்லலையே நீங்க" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அந்த ஊர் முழுவதையும் திட்ட வேண்டும்போல இருந்தது.

ரமிரோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெதுவாகக் கையைத் தூக்கினான்.

அத்தான் நொண்டி நொண்டிப் போய் அதைப் பிடித்துக்கொண்டார்.