அக்காவின் மஞ்சள் திரை

கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. காளவாசல் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், பதிவு மேசை அக்காவுக்காக நான் செய்தது அது. இப்போது அந்தத் திரையைப் பார்த்தாலே மனசு கசந்துபோகிறது.

அங்கே கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் தலையில். எல்லாரும் ஒரே இணையச் செயலிக்குள்தான் நுழைவார்கள். நுழைகிற ஆளுக்கு ஏற்ப அது முகத்தை மாற்றிக்கொள்ளும். டாக்டருக்கு நீலம், பரிசோதனை முடிவுகள் மட்டும். ரத்தம் எடுப்பவர்களுக்குப் பச்சை. ஆளுக்கொரு தோற்றம் செய்வதில் எனக்குக் கர்வமே உண்டு.

அக்கா வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். நோயாளியின் பெயர், வயது, என்ன பரிசோதனை என்று பதிவதுதான் வேலை. ஒருநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதை மடியில் மறைத்தார். "கண்ணாடி போட்டும் சரியாத் தெரிய மாட்டேங்குது தம்பி. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாக. மக காலேஜ் முடிக்கிற வரைக்குமாச்சும் ஓட்டணும். யார்ட்டயும் சொல்லிராதப்பா."

சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டே நாளில் அந்த மஞ்சள் தோற்றத்தைச் செய்து, அவர் நுழைந்தால் மட்டும் வரும்படி வைத்தேன். தேவையான நான்கு பொத்தான்கள் போக மற்றதையெல்லாம் தூக்கிவிட்டேன். "ஆத்தாடி, இம்புட்டுப் பெருசா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதன்பிறகு பூதக்கண்ணாடி கைப்பையைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு பெயர்கூடத் தப்பவில்லை.

மடத்தனம் என்னுடையது. மற்றவற்றுக்கு நீலம், பச்சை என்று பெயர் வைத்தவன், இதற்கு மட்டும் 'பார்வைக் குறைவு' என்று வைத்தேன், எனக்கு அடையாளம் தெரியட்டும் என்று. மேலாளர் பார்க்கும் ஊழியர் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவரவர் தோற்றத்தின் பெயரும் வரும். அந்தப் பட்டியலைச் செய்தவனும் நான்தான். நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே வாரத்தில் மேலாளர் கண்ணில் பட்டுவிட்டது. "கண்ணு தெரியாத ஆள வச்சுக்கிட்டு ரத்தப் பரிசோதனைல விளையாட முடியுமா?" என்றார். அக்கா பதிந்ததில் ஒரு தப்பைக் காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கும் வேலை வேண்டியிருந்தது. வேலை போய், கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "சொல்ல மாட்டேன்னு சொன்னியேப்பா?" நான் சொல்லவில்லை என்று அவருக்கு எதைக் காட்டிப் புரியவைப்பேன்?

எட்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தாக்கியிருக்கிறது. "அந்தம்மாவுக்குப் பெரிய எழுத்துல ஒண்ணு போட்டுக் குடுத்தியே, அத எனக்கு மாத்திவிடு" என்றார். மாற்றினேன். அவருக்கு வேண்டிய பொத்தான்களையும் சேர்த்தேன். பட்டியலில் தன் பெயருக்கு எதிரே வந்ததைப் படித்ததும் முகம் சுளித்தார். "இந்தப் பேர மொதல்ல எடுப்பா. நாலு பேர் பாக்குறாங்கல்ல."

'மஞ்சள்' என்று மாற்றினேன். கட்டைவிரல் நகம் அளவு எழுத்துகளைப் பார்த்து அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அரை நிமிஷ வேலை. அக்காவுக்கு அதைச் செய்யாமல் போனேனே.