வெளிச்சப் பக்கத்து நீலம்

ஓவியக் காட்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் நாற்காலி அக்கா. இரண்டாம் அறையின் வாசலை ஒட்டி அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது படத்துக்கு ஒரு கை தூரத்துக்குள் போனால் எழுந்து "தொடாதீங்க" என்று சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். பதினொரு வருடமாக அவள் ஜனங்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படங்களை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

மகன் வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. இரண்டாவது வேலையையும் விட்டுவிட்டு வந்து நின்றவனிடம், இந்த வீட்டில் உனக்குச் சோறு போட்டது போதும் என்று அவன் அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். போகும்போது அவன் எடுத்துக்கொண்டது ஒரு பை, அவள் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டரின் இடது கை முடிய நாலு விரற்கடை இருக்கையில் மஞ்சள் நூல் தீர்ந்துபோனது. கடையிலும் அந்த நிறம் இல்லை. மீதியை நீல நூலால் முடித்தாள். கையை எங்கேயோ மையில் முக்கிவிட்டு வந்தவன் மாதிரி இருக்கிறேன் என்று அவன் கேலி செய்வான். ஆனால் வேறு ஸ்வெட்டர் போட மாட்டான். போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தது எந்த அலமாரியில் கிடக்கிறதோ.

இந்தக் கண்காட்சி தொடங்கிய மறுநாள், ஒரு அம்மாள் படத்துக்கு மிக அருகே விரலை நீட்டி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள். தடுக்கப் போன நாற்காலி அக்கா, சொல்ல வந்ததை மறந்து நின்றுவிட்டாள். படத்தில் ஒரு வாடகை அறை. செங்கல் நிறச் சுவர், பச்சைக் கட்டில், இடது பக்கம் ஜன்னல். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதன் முதுகில் மஞ்சள் ஸ்வெட்டர். தொங்கிய ஒரு கையின் நுனியில், நாலு விரற்கடைக்கு நீலம்.

கீழே போன வருடத்துத் தேதி இருந்தது.

டிக்கெட் கொடுப்பவரிடம் விசாரித்தாள். வரைந்த பெண்மணி ஊர் ஊராகப் போய் மலிவான அறைகளில் தங்கி வரைகிறவராம். பக்கத்து அறைக்காரர்களின் சாமான்களைக்கூட இரவல் வாங்கி வரைவாராம். இப்போது வெளியூரில் இருக்கிறார், கடைசி நாள் வருவார். "என்னக்கா, இத்தனை வருஷம் இல்லாம படத்து மேல திடீர்னு பாசம்? உங்க கண்ணு பட்டே சாயம் உதிர்ந்துடப் போகுது," என்றார் அவர்.

ஆறு வாரம் காத்திருந்தாள். நடுவில் ஒரு நாள் பணிமனையிலிருந்து அப்படியே கணவரைக் கூட்டிவந்து காட்டினாள். கிரீஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் வெகுநேரம் பார்த்தார். "அவனுக்குக் கை இவ்வளவு நீளம் கிடையாது," என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் வெளியே போனார்.

ஒரு படத்தைப் பார்க்கத் தொடங்கியவள் மற்றவற்றையும் பார்க்கத் தொடங்கினாள். பார்க்கப் பார்க்க அவை பிடித்துப்போயின. ஆரஞ்சு நிற மலையை முதலில் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தாள். பிறகு ஒரு மாலை பேருந்து ஜன்னலில் நிஜ மலை அதே நிறத்தில் வந்து நின்றது. ஈரச் சாலையை ரோஜா நிறத்தில் போட்டிருந்தார். மழை விட்ட வீதி அப்படித்தான் இருந்தது. இதையெல்லாம் மகனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பார்வைதான் அவளைக் கெடுத்தது. நாலாவது வாரம், எலுமிச்சம்பழங்கள் இருந்த படத்தில் பழங்களின் ஓரம் நீலமாக இருப்பதைக் கண்டாள். மஞ்சள் வயலைப் போய்ப் பார்த்தாள். மேகம் மறைத்த இடம் நீலம். மஞ்சள் திரைச்சீலையின் மடிப்புகள் நீலம். நிழலுக்குக் கறுப்பைத் தொடவே மாட்டார் போலிருக்கிறது இந்த மனுஷி. மஞ்சளின் நிழல் என்றால் நீலம்தான். அப்படியானால் ஸ்வெட்டர் கையின் நீலமும் நூல் இல்லை, நிழல்தானோ என்று யோசித்தபடி நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். எல்லாப் படத்திலும் நீலம் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம்தான் விழுந்திருந்தது. இந்த ஒன்றில் மட்டும் நீலக் கைநுனி ஜன்னல் பக்கம், நல்ல வெளிச்சத்தில் இருந்தது. வெளிச்சத்தில் ஏது நிழல்? அப்படியானால் அது நூல். அந்த ஒரு பிடியில் மீதி இரண்டு வாரத்தைத் தள்ளினாள்.

கடைசி நாள் ஐந்தரை மணிக்கு ஓவியர் வந்தார். நரைத்த முடி, தோளில் துணிப்பை. கூட்டம் கலைந்த அறையில் அவரைப் படத்துக்கு முன் நிறுத்தி, அந்த ஸ்வெட்டர் யாருடையது என்று கேட்டாள். மகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"என்னோடதுதாங்க."

"கை மட்டும் நீலமா இருக்கே?"

"முழுசும் மஞ்சள்தான். அது நிழல்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "அட, நிழல் இந்தப் பக்கம் எப்படி வரும்? முதல்ல ஜன்னலை வலது பக்கம் போட்டிருந்தேன். அப்புறம் அழிச்சு இடது பக்கம் மாத்துனேன். இதை மாத்த மறந்துட்டேன். ஒரு வருஷமா யார் கண்ணுக்கும் படல, உங்களுக்குப் பட்டிருக்கு பாருங்க."

அவர் மெய்யாகவே சந்தோஷப்பட்டார். படத்தை வாங்கியவர்கள் நாளைக் காலை எடுத்துப் போக வருகிறார்கள், நல்ல வேளை சொன்னீர்கள் என்றபடி பையிலிருந்து சின்ன வர்ணப் பெட்டியை எடுத்தார். நீலத்தை மஞ்சளாக்க இரண்டு நிமிட வேலை.

நாற்காலி அக்கா படத்துக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

"தொடாதீங்க."

ஓவியர் சிரித்தார். "நான் வரைஞ்சதுங்க."

"யாரா இருந்தாலும் ஒரு கை தூரம். ஆறு மணி வரைக்கும் இது என் பொறுப்பு."

விளையாட்டில்லை என்று அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் ஓவியருக்குப் புரிந்தது. என்னவென்று மட்டும் புரியவில்லை. விதியை மதிக்கிறவர், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து காத்திருந்தார்.

டிக்கெட் கொடுப்பவர் முதல் அறை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, ஆறாச்சு." ஓவியர் எழுந்தார்.

சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். அவன் பெயர், நூல் தீர்ந்துபோனது, அவன் அப்பா சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும். வெளியே வந்தது பதினொரு வருடமாகப் பழகிய அந்த ஒரே சொல்தான்.

"தொடாதீங்க," என்றாள். "தொடாதீங்க."