கராம்பு வாசமும் சிவப்பு அட்டை எலிகளும்

கஜலட்சுமி வென்றவற்றைச் சொல்லப் போனால் முதலில் கணக்குப் பாடம் வரும். சாதாரண தரப் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் அது அவளுக்குக் கைகொடுத்தது. அடுத்தது எலிப் பயம். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் எலியைக் கண்டால் றங்குப் பெட்டிமேல் ஏறி நின்ற பிள்ளை, இருபத்தாறு வயதில் வெள்ளெலியைப் பக்குவமாகப் பிடித்து, ஊசி போட்டு முடியும் வரை அசையாமல் வைத்திருக்கப் பழகினாள். பிறகு அப்பாவின் குடியோடு வீட்டில் நடந்த பதினொரு வருடச் சண்டை. அதில் கடைசி வரை விட்டுக்கொடுக்காதவள் அவள்தான். கடைசியாக இந்த நிரந்தர வேலை. அது கையை விட்டுப் போகப் பார்த்த இரண்டு நாட்களின் கதை இது.

கண்டிக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் அவள் தற்காலிக உதவியாளராக இருந்தாள். கூடு கழுவுவாள், தீனி வைப்பாள், எலி பிடிப்பாள். பதிவுப் புத்தகத்தில் எழுதுவதும் அவள்தான். கையெழுத்து மட்டும் பட்டம் பெற்றவர்களுடையது. அவளுக்கு வரவு பதிய வாசலில் கைரேகை மெஷின் போதும்.

ஆய்வு அக்குறணையைச் சேர்ந்த டொக்டர் ஷிபானாவுடையது. அடுத்தடுத்த இரண்டு அறைகள் உள்ள ஒரு பெட்டி; ஒன்றில் கோடு போட்ட சுவர், மற்றது வெறும் சாம்பல் நிறம். பதினாறு எலிகளில் எட்டுக்குச் சிவப்பு அட்டை. அவற்றுக்கு ஒருநாள் மோர்பின் ஊசி போட்டுக் கோட்டறையில் விடுவார்கள். மறுநாள் உப்புநீர் ஊசி, சாம்பல் அறை. மற்ற எட்டுக்கும் எந்நாளும் உப்புநீர்தான். ஐந்து வாரம் கழித்து, ஊசியே போடாமல் நடுக்கதவைத் திறந்துவிட வேண்டும்.

"மருந்து இல்லாட்டியும், மருந்து கிடைச்ச இடத்தக் கண்டாலே அதுட மூளை முழிச்சிக்கும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே சிவப்பு அட்டை எலிகள் கோட்டறையில்தான் போய்க் கிடக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பரீட்சித்தபோது அவை அப்படிக் கிடக்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் பாதி நேரம் இங்கே, பாதி நேரம் அங்கே.

ஊசி போடும் ஆய்வு மாணவர் அரூஸ் மணிக்கூட்டை நிறுத்தினார். "கஜா அக்கா, அலுமாரியிலருந்து மேசைக்கு மோர்பின் போத்தலக் கொண்டு வந்தது நீங்கதானே?"

"ஆமா சேர்."

"வழியில போத்தலுக்குத் தாகம் வந்து தண்ணி குடிச்சிருக்கும் போல."

டொக்டர் சிரிக்கவில்லை. "போத்தலப் பரிசோதனைக்கு அனுப்புறேன். முடிவு வர ஒரு மாசம் போகும். நாளைக்கு ஏழு மணிக்கு வந்து நடந்தத எழுத்துல தாங்க. அதுக்குப் பொறகு, முடிவு வரும் வரைக்கும் வர வேணாம்."

நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வு அடுத்த வியாழன். மோர்பினைத் திருடித் தண்ணீர் கலந்த கள்ளி என்ற பெயரோடு அங்கே எப்படிப் போய் உட்காருவது?

புதன்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். தலாத்துஓயா மலைப்பாதை வளைவுகளில் அவளுக்குக் குடலைப் புரட்டும். வழக்கம்போல ஒரு கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள்.

ஆய்வுகூடத்தில் இன்னும் யாரும் வரவில்லை. கடைசியாக ஒருமுறை தீனி வைப்போம் என்று எலியறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சிவப்பு அட்டை எலிகள் எட்டும் கூட்டின் கம்பியில் முன்கால்களை ஊன்றி, மூக்கைத் தூக்கி நின்றன. மற்ற எட்டும் தூங்கின.

அந்த மூக்குத் துடிப்பு அவளுக்குப் புதிதல்ல. குடியை விட்டு ஒரு வருடம் ஆன பிறகும், சாராயக்கடைச் சந்தியில் பஸ் நின்றால் அப்பாவின் தொண்டைக்குழி இப்படித்தான் ஏறி இறங்கும்.

வெளியே போய்க் கராம்பைத் துப்பி வாயை மூன்று தடவை கொப்புளித்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். எலிகள் அடங்கியிருந்தன. இன்னொரு கராம்பைக் கடித்தாள். எட்டும் எழுந்தன.

மோர்பின் நாட்களில் வேலை ஏழு மணிக்குத் தொடங்கும்; அப்போதெல்லாம் முதல் பஸ், கராம்பு. உப்புநீர் நாட்களிலும் நேற்றும் ஒன்பதரைக்கு. பக்கத்து வீட்டு வேனில் முன் சீட்டு. வாந்தி வராது, கராம்பும் தேவைப்படாது. எலிகள் படித்தது கோட்டுச் சுவரையல்ல, அவளுடைய வாயை.

கதவில் விதி ஒட்டியிருந்தது: பூ, பவுடர், சென்ட், வாசனை எண்ணெய் கூடாது. அதற்காகத் தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டவள் அவள். கராம்பை வாசனைப் பொருளாக அவள் நினைத்ததே இல்லை. அது வாந்திக்கு மருந்து. இதைச் சொன்னால் களவுப் பழி போகும். ஐந்து கிழமை வேலையைக் கெடுத்த பழி வரும். அதற்கும் வேலை போகலாம்.

டொக்டரும் அரூஸும் உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள். "மெடம், நான் எடுக்கல. ஆனா கெடுத்தது நான்தான்."

அவள் சொன்னதைக் கேட்டு முடித்த அரூஸ், "புரியாணிக்குப் போடுற கராம்பா?" என்றார். டொக்டர் ஒரு பஞ்சில் கராம்பை நசுக்கித் தேய்த்தார். அதைக் கோட்டறையில் வைக்கவில்லை. மருந்தே கிடைக்காத சாம்பல் அறையில் வைத்தார்.

"நீங்க வெளிய நில்லுங்க. வாயக் கழுவிட்டு."

கதவுக்கு வெளியே நான்கு மணித்தியாலம். ஒவ்வொரு எலிக்கும் பதினைந்து நிமிடம். உள்ளே அரூஸ் நேரம் சொல்லும் குரல் மட்டும் கேட்டது. எந்த அறை என்பது கேட்கவில்லை. நடையில் பதித்த ஓடுகளை எண்ணினாள். அறுபத்திரண்டு. மறுபடி எண்ணினாள்.

கதவு திறந்தது.

"அஞ்சு கிழம வேலய நாசமாக்கிட்டீங்க, கஜா" என்றார் டொக்டர். அவள் தலை குனிந்தாள். "சிவப்பு அட்டையில ஏழு எலி பஞ்சுக்குப் பக்கத்துல போய்ப் படுத்திட்டுது. பத்து நிமிஷத்துக்குக் குறைய ஒண்டுமில்ல. மத்த எட்டும் அதத் திரும்பியும் பாக்கல. போத்தல்ல தண்ணி இருந்திருந்தா இதுகள் அந்த வாசத்தத் தேடாது."

"எட்டாவது எலி, மெடம்?"

"அது மூலையில தூங்கிச்சி. அதையும் எழுதுங்க. நீங்க கண்டது, நீங்க விட்ட பிழை, எல்லாத்தையும்."

ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். முடிந்ததும் வழக்கம்போலப் பேனையை அரூஸிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"கண்டது நீங்க. நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது அக்கா?"

"போடுங்க" என்றார் டொக்டர். "அடுத்த வியாழக்கிழமை நேர்முகத் தேர்வுக்கு இந்தப் பக்கத்தோட பிரதியையும் கொண்டு போங்க. நானும் ஒரு கடிதம் தாறேன்."

கைரேகை வைத்தே பழகிய விரல்களால் கையெழுத்திட்டாள். முதலெழுத்தோடு சுருக்கவில்லை, அப்பா பெயரையும் சேர்த்து முழுதாக எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் திகதி போட்டாள்: 2024 மார்ச் 6, புதன்கிழமை.