கிடா கட்டியிருந்த பட்டறைக்கல்

எண்பதுகளில் ஒரு தை மாதம் எங்கள் பட்டறைக்கல் பிளந்துவிட்டது. பேர்தான் கல், முழுக்க இரும்பு. காய்ச்சிய இரும்பை அதன்மேல் வைத்துத்தான் அடிப்போம். ஓர் எஸ்டேட்டுக்குப் பதினைந்து நாளில் செடி கழிக்கும் கவாத்துக் கத்தி அறுபது தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். தவறினால் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். மலைமேல் வெள்ளக்கடைப் பக்கம் காளியப்பன் என்ற விவசாயியிடம் வெள்ளைக்காரன் காலத்துக் கல் கிடப்பதாகக் கேள்வி. நானும் என் மனைவி ராஜாமணியும் கிளம்பினோம். பட்டறையில் சம்மட்டி அடிப்பது அவள்தான். வீட்டிலும் அவள்தான்.

காலை ஆறே முக்காலுக்கு மலையடிவாரத்தில் பஸ் ஏறினோம். ஆளுக்கு மூன்று ரூபாய், இருபது கொண்டை ஊசி வளைவு. ராஜாமணி கண்ணை மூடிக்கொண்டாள். நான் வளைவுகளைச் சத்தமாக எண்ணினேன். பதினாலில் அவளிடமிருந்து ஒரு குத்து விழுந்தது, எண்ணிக்கை நின்றது. எட்டு மணிக்கு ஒண்டிக்கடையில் டீ. அப்புறம் ஜீப், ஆளுக்கு நாலு ரூபாய். பத்து கிலோமீட்டர் என்றார் டிரைவர். என் இடுப்பு இருபது என்றது.

காளியப்பன் வீட்டுப் பலா மரத்தடியில் கல் கிடந்தது. அதன் இடுப்பில் இரும்புச் சங்கிலி சுற்றி, மறுமுனையில் ஒரு கிடா. கொண்டுபோன சுத்தியலால் தட்டினேன். நல்ல கல் கோயில் மணி மாதிரிப் பேசும். இது 'டொக்' என்றது.

"ஏனுங்க, இது கல்லுங்களா, பூசணிக்காயிங்களா?" என்றேன். விலை குறையட்டும் என்ற குசும்பும் கொஞ்சம் உண்டு.

காளியப்பன் முகம் கறுத்தது. "எங்கப்பாரு நாலு ஆளு வெச்சுத் தூக்கியாந்த கல்லுங்க. பூசணிக்காய் உங்களுக்கு எதுக்குங்க? போய்ட்டு வாங்க."

ராஜாமணி மடியிலிருந்து சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றை எடுத்து, ஒரு முழ உயரத்திலிருந்து கல்லின்மேல் போட்டாள். முக்கால் முழம் திரும்ப எகிறியது. அடிவாங்கும் மேல்முகம் கெட்ட கல்லில் குண்டு அப்படியே படுத்துவிடும்.

"பக்கத்தூட்டுக் கொழந்தை தூங்கோணும்னு நம்ம கல்லுக்குச் சங்கிலி சுத்தறது நீங்கதானுங்களே? சுத்துனா சத்தம் செத்துப் போகும்னு மறந்து போச்சுங்களா?" என்று என்னைக் கேட்டபடி சங்கிலியை அவிழ்த்து என் கையில் திணித்தாள். கிடா என்னைப் பலா மரத்தை ஒரு சுற்று சுற்ற வைத்தது. அவள் சுத்தியலால் தட்டினாள். கணீர்! கிடாவே நின்று திரும்பிப் பார்த்தது.

"நொம்பத் தப்புங்க" என்றேன் மூச்சு வாங்க.

"கல்லைக் குடுத்துட்டா கிடாவை எதுல கட்டறதுங்க? உங்க மீசையிலயா?" என்றார் காளியப்பன்.

"கட்டுங்கண்ணா, தாங்கும்" என்றாள் என் மனைவி.

அதற்குத்தான் காளியப்பன் சிரித்தார். நானூறு ரூபாய், அதோடு கிடா கட்ட ஓர் இரும்பு முளை அடித்து நானே கொண்டுவந்து தர வேண்டும் என்று முடிந்தது. கல்லுக்கு ஜீப்பில் பதினைந்து, பஸ்ஸில் பத்து ரூபாய் தனி.

நீங்கள் கல் வாங்கப் போனால் பேரிங் குண்டு கொண்டுபோங்கள். ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். எது சுற்றியிருந்தாலும் அவிழ்த்துவிட்டுத் தட்டுங்கள். அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.

கத்திகள் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே முடிந்தன. ஆனால் புதுக் கல்லில் அடித்த முதல் சாமான் அந்த முளைதான். மறு ஞாயிறு கொண்டுபோனோம். காளியப்பன் அதைக் காதருகே பிடித்து விரலால் சுண்டினார்.

"சத்தமே வரலீங்களே. இதுவும் பூசணிக்காயிங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். ராஜாமணியின் முழங்கை விலாவில் இறங்கியது. எனக்குப் பதிலாகக் கிடாதான் கத்தியது.