நம்பர் இல்லாத வண்டி கேட்டைத் தாண்டாது

கார்குழலிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தண்டையார்பேட்டை டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் இதைச் சத்தமாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வட்டாரத்தில் ஓடுகிற சைக்கிள்களில் பாதிக்கு மேல் அவள் கைபட்டுத்தான் ஓடுகின்றன. பங்க்சர், பிரேக், செயின், கோணிப்போன சக்கரம், எதைக் கொண்டுபோனாலும் நிமிர்த்தித் தருவாள். நிமிர்த்தியதை ஓட்டிப் பார்ப்பது மட்டும் வண்டிக்காரர் பாடு. பத்து வயதில் ஒரே ஒரு முறை ஏறி, நேராகப் போய் ஓர் எருமையின் மேல் விழுந்தாள். அதற்குப் பிறகு எருமையும் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை, அவளும் சைக்கிளில் ஏறவில்லை.

இப்போது வயது நாற்பத்தாறு. அதில் பத்தொன்பது வருஷம் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி, அதாவது வந்துபோகும் பெட்டிகளின் கணக்கு, எழுதினாள். லாரி வந்து நிற்கும். பெட்டி நம்பரைப் பார்த்து, பெட்டிக் கதவில் மாட்டிய சீலின் நம்பரைப் பார்த்து, இரண்டையும் தாளில் எழுதி அவள் கையெழுத்துப் போட்டால்தான் கேட் திறக்கும். டிரைவர் கெஞ்சினாலும் சரி, மீசையை முறுக்கினாலும் சரி, அவள் பதில் ஒன்றுதான்: "நம்பர் இல்லாத வண்டி கேட்டைத் தாண்டாது நைனா."

ஊரடங்கில் யார்டு ஆட்களைக் குறைத்தது. வீட்டில் உட்கார்ந்து சுவரை எண்ணிக்கொண்டிருக்கப் பிடிக்காமல், போனில் வீடியோ பார்த்துச் சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொண்டாள். பாதி வீடியோ இந்தியில் இருந்தது. கை பேசுவதைப் பார்த்தால் போதாதா, வாய் பேசுவது எதற்கு என்பாள்.

தெருப் படிப்பகத்தை ஒட்டி ஓர் அறை, உடைந்த நாற்காலிகளால் அடைந்து கிடந்தது. படிப்பகச் செயலாளர் செங்குட்டுவன் அதைக் காலி செய்து அவளுக்கு ஒதுக்கினார். ஸ்பேனர், பம்ப், செயின் அறுக்கும் கருவி எல்லாம் தெருவே ஆளுக்கொன்றாய் வாங்கிப் போட்டது. அதனால் அது கார்குழலி கடை என்றாலும் தெருவின் கடைதான். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கருவியை எடுத்துத் தன் வண்டியைத் தானே சரிசெய்யலாம். தெரியாவிட்டால் அவள் சொல்லித் தருவாள், கூடவே கொஞ்சம் திட்டுவாள். சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் கோடு வரைந்து நம்பர் போட்டு வைத்திருந்தாள். எடுத்ததை அந்த நம்பரில் மாட்டாதவனுக்கு மறுநாள் உள்ளே இடமில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சைக்கிள்கள் காணாமல் போக ஆரம்பித்தன. மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் ஒன்று, மார்க்கெட்டில் ஒன்று என்று வாரத்துக்கு ஒன்று. பறிகொடுத்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், அடையாளம் என்ன என்று கேட்பார்கள். கறுப்பு கலர் சார், ரெண்டு சக்கரம் இருக்கும் என்பார்கள் இவர்கள். சென்னையில் பாதிச் சைக்கிளுக்கு அதுதான் அடையாளம்.

கார்குழலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு ஊசிப்போன வெங்காய மூட்டைக்குக்கூட யார்டுல நம்பர் கீது. நீ வவுறு கழுவுற வண்டிக்கு நம்பர் தெரியாதுன்றியே, வெக்கமா இல்ல?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்துக்கொண்டாள்.

திட்டிவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவள். கடைக்கு வருகிற ஒவ்வொரு வண்டியையும் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலுக்கு அடியில் கம்பெனி பொறித்த நம்பரைத் துடைத்துப் பார்த்து நோட்டில் எழுதினாள். அது போதாது, திருடன் அரத்தால் ராவி எடுத்துவிடுவான் என்று தோன்றியது. யார்டு டாலித் தாள் மாதிரியே சின்னத் துண்டுக் காகிதம் அடித்தாள். அதில் நான்கு கட்டங்கள்: பெயர், வண்டி நம்பர், கூப்பிட வேண்டியவர், உறவு. அதை நிரப்பி, பால் கவரில் சுற்றி, உட்காரும் சீட்டை உருவி, அடியில் இருக்கும் குழாய்க்குள் செருகி, மறுபடி சீட்டை மாட்டினாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெயின்ட்டை மாற்றலாம், மணியை மாற்றலாம், வயிற்றுக்குள் இருக்கும் காகிதத்தை யார் தேடப் போகிறார்கள்?

புளியந்தோப்பில் பழைய சைக்கிள் வாங்கி விற்கும் அமானையும் போய்ப் பார்த்தாள். எந்த வண்டி வந்தாலும் முதலில் சீட்டை உருவிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும் என்றாள்.

"இன்னாக்கா, யாவாரம் பண்றதா வாணாவா? இது பெரிய பேஜாரா கீதே," என்றான் அமான்.

"திருட்டு வண்டி வாங்கிட்டு ஸ்டேஷன்ல குந்திகினு இருக்கியே மாசத்துக்கு ஒருவாட்டி, அது பேஜாரா, இது பேஜாரா?"

அமான் தாடையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டான்.

ரூத் கடைக்கு வந்தது அந்த நாட்களில்தான். காசிமேட்டில் விடியுமுன் மீன் எடுத்து, கேரியரில் பெட்டி வைத்துக் கட்டி, தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்கிறவள். அவள் புருஷன் போனவன் போனவன்தான். எட்டு வயது மகளும் அந்தத் துருப்பிடித்த நீலச் சைக்கிளும்தான் அவள் சொத்து.

"கூப்பிட வேண்டியவர்னு கீது பாரு. யார எழுதட்டும்?" என்று கேட்டாள் கார்குழலி.

"எனக்கு யாருக்கா கீறாங்க? பொண்ணுக்கு எட்டு வயசு. என் போனு எப்பவும் செத்துத்தான் கெடக்கும். நீயே எதுனா எழுதிக்கோ. அங்க வஞ்சிரம் வெயில்ல வாடிகினு கீது," என்று ரூத் பறந்தாள். கார்குழலி ஒரு நிமிஷம் யோசித்து, கட்டங்களை நிரப்பி, சுற்றிச் செருகினாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அதைத்தான் அடுத்து செய்தாள். வண்ணாரப்பேட்டை மொத்தக் கடை ஒன்றில் பின்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் வட்டப் பூட்டுகள் மலிவாகக் கிடைக்கவே, அறுபது பூட்டை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தாள். தெருவில் அறுபது வண்டிக்கும் மாட்டினாள். இனி எவன் எடுக்கிறான் பார்க்கலாம் என்று இடுப்பில் கைவைத்து நின்றாள்.

பத்து நாள் கழித்துப் படிப்பகத்துக்கு வந்தார் சவரிநாதன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேப்பர் படிக்க ராயபுரத்திலிருந்து தினமும் வருவார். அன்று கால்முட்டியைத் தடவிக்கொண்டே வந்தார்.

"இன்னாமா கார்குழலி, நேத்துலேர்ந்து பெடல் மிதிச்சா முட்டி ஹேண்டில்ல இடிக்குது. இந்த வயசுல எனக்குக் காலு வளருதா?"

செங்குட்டுவனும் அங்கேதான் இருந்தார். "அட, எனக்குத் தரையே எட்டல ஐயா! நான் குள்ளமாயிட்டேன்னு நெனச்சேன்," என்றார்.

கார்குழலி இரண்டு வண்டியின் சீட்டையும் உருவினாள். செங்குட்டுவன் ஓட்டி வந்த வண்டிக்குள் சவரிநாதன் பெயர், சவரிநாதன் வண்டிக்குள் செங்குட்டுவன் பெயர். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. ஆனால் பூட்டு எப்படித் திறந்தது? சாவிகளை வாங்கிப் பார்த்தாள். இரண்டிலும் 14 என்று பொறித்திருந்தது. ஓடிப்போய் மீதிச் சாவிகளையும் பார்த்தாள். எல்லாம் 14. அறுபது பூட்டுக்கும் ஒரே சாவி.

அவள் அதைப் பார்க்காமல் இல்லை. பூட்டின் மாடல் நம்பராக்கும் என்று நினைத்துவிட்டாள். யார்டில் இரண்டு சீலில் ஒரே நம்பர் இருந்தால் கப்பலையே நிறுத்தியிருப்பாள். ஊருக்கெல்லாம் நம்பர் பாடம் எடுத்தவள் இப்படிக் கோட்டை விட்டாள்! படிப்பகமே விழுந்து விழுந்து சிரித்தது. சவரிநாதன் சிரித்ததில் பல்செட் கழன்றது. அவளும் கூடச் சிரித்தாள், ஆனால் அதே கடையில் பூட்டு வாங்கிய எவன் கையிலும் இந்தச் சாவி இருக்குமே என்று உறைத்தது.

அன்றே எல்லாப் பூட்டையும் கழற்ற ஆரம்பித்தாள். பதிலுக்குச் சங்கிலிப் பூட்டு, அதுவும் ஒவ்வொன்றும் வேறு சாவி. சக்கரத்தை மட்டும் பூட்டாதே, வண்டியின் உடம்பையும் கம்பத்தையும் சேர்த்துக் கட்டு என்று சொல்லிச் சொல்லி மாட்டினாள். ஐந்து நாளில் ஐம்பத்தொன்பது முடிந்தது. ஒன்றுதான் பாக்கி, ரூத்துடையது. நாளைக்கு வர்றேன்க்கா, நாளைக்கு வர்றேன்க்கா என்று தள்ளிக்கொண்டே போனாள் ரூத்.

அந்த நாளைக்கு வரவில்லை. டோல்கேட் ரேஷன் கடை வாசலில், பட்டப்பகலில் ரூத்தின் சைக்கிள் போய்விட்டது. எடுத்தவன் கேரியரிலிருந்த மீன் பெட்டியை இறக்கி, நிழலில் வைத்து, ஈரச் சாக்கையும் போர்த்திவிட்டுப் போயிருந்தான். அவ்வளவு நல்ல மனசுக்காரனுக்கு வண்டியையும் விட்டுவிட்டுப் போகத் தோன்றவில்லை.

ரூத் மீன் பெட்டியைத் தலையில் வைத்தபடியே கடை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"தெறக்கிறதுக்குன்னே ஒரு பூட்டு செஞ்சு மாட்டி வுட்டியே! நானா கேட்டேன்? உன்ன நம்புனேன் பாரு, என்னச் சொல்லணும். நீ யாரு எனக்கு?"

கடையில் இரவல் கொடுப்பதற்கென்று ஒரு வண்டி இருந்தது, அதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் கார்குழலி. ரூத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் பெட்டியைத் தலையில் சுமந்து நடந்தாள் ரூத். பாதித் தெரு முடிவதற்குள் வெயில் ஏறிவிடும், மீன் சோர்ந்துவிடும். கடையைத் தாண்டும்போது மட்டும் எதிர்ப்பக்கம் போய் நடப்பாள். அந்த நடையைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் கார்குழலிக்குத் தன் தலையிலேயே பெட்டி இருப்பது மாதிரி கழுத்து வலித்தது. தான் பண்ணிய தப்பு, அதைத் தானே திருத்த வேண்டும்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையை நிமிர்த்தி, "நம்பரோட வந்த மொத ஆளு நீங்கதாம்மா," என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பிறகு வியாசர்பாடி, மூலக்கொத்தளம் என்று பழைய சைக்கிள் வாங்குகிற கடை ஒன்று விடாமல் நடந்து போய் நம்பரைக் கொடுத்தாள். எல்லாம் நடைதான், சைக்கிள் ஓட்டத் தெரியாதே.

ஒன்பதாம் நாள் காலை அமான் போன் செய்தான். குரல் குதித்தது.

"அக்கா! ஒரு ஆளு பச்ச கலரு வண்டி இட்டாந்தான். சோக்கா கீது. வெல பேசுறதுக்கு மின்ன நீ சொன்னாமாரி சீட்ட உருவுனேன், உள்ளேர்ந்து பால் கவர் வருதுக்கா! அத்தப் பாத்ததும் வண்டியப் போட்டுட்டு ஓடிட்டான். ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன், நீ வா!"

கார்குழலி செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினாள். வழியில் ரூத்தைக் கண்டு, பெட்டியைப் பிடுங்கிப் படிப்பகத்தில் வைத்து, அவளை ஆட்டோவில் தள்ளினாள்.

புளியந்தோப்பு ஸ்டேஷன் வாசலில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சைக்கிள் பளபளவென்று நின்றது. புது மணி, புது டயர். ரூத் சுற்றிச் சுற்றி வந்தாள். "இது என்து இல்லக்கா. என்துல துரு கீது. இது கல்யாணப் பொண்ணாட்டம் கீதே," என்றாள். கோபத்தை மறந்து அக்கா என்றுவிட்டோமே என்று உடனே வாயை மூடிக்கொண்டாள். கார்குழலி குனிந்து பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். தான் வைத்ததைவிட ஒழுங்காக இருந்தது. இந்தக் கைக்காரன் எதற்குத் திருடப் போனான் என்று எரிச்சலாக வந்தது.

பெடலுக்கு அடியில் இருந்த நம்பரைத் திருடன் ராவியிருந்தான். அங்கிருந்த ஏட்டு அந்தப் பால் கவரைப் பிரித்து, காகிதத்தை விரித்து, தண்டையார்பேட்டையிலிருந்து வந்த புகாரோடு வைத்துச் சரிபார்த்தார். கவரைப் பிரித்ததும் மீன் வாடை அறை முழுக்கப் பரவியது. அதுவே பெரிய சாட்சி என்று பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்தினார்.

ஏட்டு சத்தமாகப் படித்தார். "பெயர், ரூத். வண்டி நம்பர் சரியா கீது. கூப்பிட வேண்டியவர், கார்குழலி. உறவு..." கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "உறவு, அக்கா. யாரும்மா அது, உங்க அக்கா?"

ரூத் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தையும் கட்டத்துக்குள் அடக்கி எழுதிய யார்டுக் கையெழுத்து. வஞ்சிரம் வாடுகிறது என்று தான் ஓடிப்போன அன்று எழுதியது. இத்தனை நாளும் அது வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. பக்கத்தில் கார்குழலி, செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்டவள் போல, சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூத் கார்குழலியைக் கைகாட்டினாள். "தோ, இவங்கதான் சார்," என்றாள். "எங்க அக்கா."

கையெழுத்துப் போட்டு வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும், கார்குழலி ஆட்டோவுக்குக் கை காட்டினாள். ரூத் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"கேரியர்ல குந்துக்கா."

"வாணாம்டீ. எனக்குப் பழக்கமில்ல. எருமை எதுனா வந்துரும்."

"குந்துன்றேன் இல்ல!"

அறுபது வண்டிக்குச் சக்கரம் நிமிர்த்திய கார்குழலி, முப்பத்தாறு வருஷம் கழித்து ஒரு சைக்கிளில் ஏறி, இரண்டு கையாலும் ரூத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். டோல்கேட் சிக்னலில் எதிரே ஒரு டிரெய்லர் லாரி மலை மாதிரி திரும்பியது. டீக்கடையில் நின்றிருந்த சவரிநாதன், "அடேய், நம்பரம்மா சைக்கிள்ல போறாடா!" என்று கத்தினார்.

"பிரேக்கப் புடிடீ, பிரேக்கப் புடி!" என்று அலறினாள் கார்குழலி.

"கம்முனு வாக்கா," என்று சிரித்தாள் ரூத். "பிரேக்கு திருடன் வெச்சது. ஒயுங்கா புடிக்கும்."