ஊசி எந்தப் பக்கம்

எங்கள் வீட்டில் இரண்டு கன் இருந்தன. பெரியது அப்பாவுடையது, சின்னது சித்தியுடையது. பயந்துவிட வேண்டாம், இரண்டும் பெயின்ட் அடிக்கிறவைதான். கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டுச் சுவரோடு ஒட்டித் தகரம் போட்ட பட்டறை ஒன்றில் அப்பா முச்சக்கர வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பெரிய கன்னால் ஒரு வண்டியை அரை நாளில் சிவப்பாக்கிவிடலாம். சின்ன கன்னால் அரை நாளில் ஒரு மயிலின் கழுத்தை மட்டும்தான் முடிக்கலாம்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. புசல்லாவையிலிருந்து துணிக்கடை வேலைக்கென்று கண்டிக்கு வந்து எங்களோடு தங்கினாள். துணிக்கடை ஆறு மாதத்தோடு சரி. அப்பா யாரிடமோ வாங்கி, மல்லுக்கட்டித் தோற்று, அலுமாரிக்கு மேல் போட்டு வைத்திருந்த சின்ன கன்னை ஒரு நாள் எடுத்துத் துடைத்தாள். அப்புறம் அதைக் கீழே வைக்கவில்லை.

அது ஒரு பேனாவின் அளவுதான் இருக்கும். மேலே ஒரு பொத்தான், அதையொட்டிப் பெயின்ட் ஊற்ற ஒரு சின்னக் கிண்ணம். பொத்தானை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் உள்ளே இருக்கிற ஊசி விலகி நிறம் வரும். "காத்து முதல்ல, கலர் பொறகு. நிப்பாட்டுறப்ப கலர் முதல்ல, காத்து கடைசில" என்று சித்தி ஆரம்பத்தில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே பழைய பத்திரிகைகளில் கோடு கோடாகப் போட்டுத் தள்ளினாள். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் செய்தி வாசிக்க முடியாது. மந்திரிகளின் முகத்தில் எல்லாம் நீலக் கோடு.

பெயின்டைத் தின்னர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைப்பாள். மேகம் வேண்டுமென்றால் கன்னைத் தள்ளிப் பிடிப்பாள். மயிர் வேண்டுமென்றால் மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டப் பிடிப்பாள். ஒரே தடவையில் அப்பமாட்டாள். மெல்லிசாக ஒன்று, அது காய்ந்ததும் இன்னொன்று. மழைக்காலத்தில் தினமும் காலையில் காற்றை அடைத்துக் கொடுக்கிற கம்ப்ரசரின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பாள். கண்டியின் ஈரக் காற்று உள்ளே தண்ணீராகித் தங்கிவிடுமாம். வடிக்காவிட்டால் படம் பாதியில் இருக்கும்போது சொட்டுத் தெறித்து எல்லாம் நாசம். வேலை முடிந்ததும் கன்னைக் கழற்றித் தின்னரில் கழுவி, ஊசியைத் துடைத்து, மறுபடி பூட்டி வைப்பாள். கன்னைக் கழுவாமல் சித்தி சாப்பிட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சித்தியின் கைக்காகத்தான் வந்தார்கள். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை. வருகிறவர்கள் "பாஸ் இருக்காரா?" என்று கேட்டால் அப்பா வெளியே வருவார். "அந்த நங்கி இல்லையா?" என்று தங்கச்சியைத் தேடி அடுத்த கேள்வி வந்ததும் உள்ளே போய்விடுவார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சித்தியைப் பெண் பார்க்க வத்தேகமவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு மருந்துக் கடையில் வேலை. நல்ல குடும்பம், குடிக்கிற பழக்கம் இல்லை என்று தரகர் சொல்லியிருந்தார். இருபத்தேழு வயதுத் தங்கைக்கு இதைவிட்டால் வேறு இடம் வராது என்று அம்மா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. அம்மாவைப் பார்த்து அப்பாவும் தூங்கவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு வருவதாகப் பேச்சு. சித்தியோ அன்று மதியமும் பட்டறையில்தான் இருந்தாள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு சிங்கள அண்ணன் தன் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றிக் கொடுத்திருந்தார். பெரஹர ஊர்வலம் தொடங்குமுன் அதில் ஒரு கொம்பன் யானை வேண்டும், உடுப்பெல்லாம் போட்டு. திங்கட்கிழமை காலையில் எடுக்க வருவார். யானை முடிந்துவிட்டது. கொம்பும், கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளியும்தான் பாக்கி. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் யானை தூங்குவது போல இருக்கும் என்று சித்தி சொன்னாள். வெள்ளையில், பெயின்டை இறுக வைக்கிற ஹாட்னரைக் கலந்து கன்னில் ஊற்றிக் கொம்பை முடித்த நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. மணி இரண்டரை. நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதால், அதற்குள் எல்லாம் பேசி முடித்துத் திரும்பிவிட வேண்டுமென்று ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்த அமளியைச் சொல்லி முடியாது. அம்மா சித்தியைப் பின்வாசலால் இழுத்துக்கொண்டு போய் முகத்தைக் கழுவி, தேசிக்காயும் சீனியும் போட்டு விரல்களைத் தேய்த்து, தின்னர் வாசம் தெரியாமலிருக்க மல்லிகைப்பூவை அள்ளித் தலையில் வைத்தாள். சேலை கட்டிக்கொண்டே சித்தி என்னைக் கூப்பிட்டாள்.

"கன்னுல ஹாட்னர் போட்ட வெள்ளை இருக்கு. அப்படியே விட்டா உள்ளுக்குள்ள கல்லாயிரும், பொறகு எடுக்கவே ஏலாது. கிண்ணத்தைக் கவுத்துட்டுத் தின்னர் ஊத்து. கம்ப்ரசரப் போட வேணாம், அதோட டாங்கியில காத்து இருக்கு. பழைய துணியில அடி. தெளிவா வரும்வரைக்கும் அடி. ஊசியை மட்டும் தொடாத."

நான் ஓடினேன். கவிழ்த்தேன், ஊற்றினேன், அடித்தேன். துணியில் வெள்ளை வந்துகொண்டே இருந்தது. இன்னொரு தடவை ஊற்றினேன். அப்போதும் பால் மாதிரி ஏதோ வந்தது. உள்ளே கல்லாகிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. சித்தி செய்வதை நூறு தடவை பார்த்த தைரியத்தில் பின்பக்கத் திருகைத் தளர்த்தி ஊசியை உருவினேன். அது சமர்த்தாக வந்துவிட்டது. துடைத்தேன். திருப்பிப் போடப் போகும்போதுதான் கை நின்றது. வந்த வழியே பின்னாலிருந்து தள்ளுவதா, முன்னால் நிறம் வெளியே வருகிற நொசில் பக்கமாக விடுவதா? பிழையாகப் போனால் ஊசியின் முனை வளைந்துவிடும். வளைந்த ஊசி நேர்க்கோடு போடாது, ஒரு பக்கமாகத் துப்பும். அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஊசியைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் போனேன். முன் அறையில் எல்லாரும் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி தேத்தண்ணீர் கொடுத்து முடித்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் விரலைப் பார்த்து, நகக்கண்ணில் என்ன நீலம் என்று கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. நான் வாசலுக்கு வரும்போது அப்பா சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது ஒண்ணுமில்லைங்க. வீட்டுல பொழுது போகாம எனக்கு ஒத்தாசையா கொஞ்சம் பெயின்ட் தொடும். கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் விட்டுரும்."

"நல்லதுதாங்க, அந்தப் பெயின்ட் வாசம் நெஞ்சுக்கு ஆகாதுல்ல" என்றார் அந்த அம்மா. அவர் அதை அக்கறையோடுதான் சொன்னார். மாப்பிள்ளையும் தலையாட்டினார். சித்தி குனிந்துகொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தால் குனிவதுதானே வழக்கம் என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இருந்த அவசரம் எனக்கு.

"சித்தி, ஊசி எந்தப் பக்கமாப் போடணும்?"

அறையே திரும்பிப் பார்த்தது. என் கவுன் முழுக்க வெள்ளை. கையில் அரைச் சாண் நீளத்துக்குப் பளபளவென்று ஊசி. மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய், "யாருக்குங்க ஊசி? வீட்டுல யாருக்கும் சீனி வருத்தமா?" என்று நீரிழிவு ஊசி என நினைத்துக் கேட்டார். அம்மா கண்ணாலேயே என்னை வெளியே போகச் சொன்னாள்.

சித்தி நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். பிறகு எழுந்து, "ஒரு வேலை பாதியில நிக்குது, போய் முடிச்சிட்டு வந்துர்றேங்க" என்று அந்த அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாள்.

பட்டுச் சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டாள். மூக்குக்கு மாஸ்க். நொசிலைக் கழற்றித் தின்னரில் போட்டாள். ஊசியின் முனையை விரல் நகத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்தாள், எங்கும் தட்டவில்லை. கன்னின் உள்ளே துடைத்து, நொசிலைப் பூட்டி, ஊசியைப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, தட்டிய இடத்தில் நிறுத்தித் திருகை இறுக்கினாள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் போகலாம் என்று எழுந்தேன். அவளோ கம்ப்ரசரைப் போட்டுவிட்டுப் புதிதாக வெள்ளை கலக்கத் தொடங்கினாள்.

"சித்தி, அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"தெரியும்."

கம்ப்ரசரின் சத்தத்துக்கு எங்கள் வீட்டில் சுவரெல்லாம் அதிரும். முன் அறையில் அவர்கள் அதைக் கேட்டபடி பட்டீஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். சித்தி பத்திரிகையில் ஒரு கோடு போட்டாள். தலைமயிரைவிட மெல்லிசாக, நடுங்காமல் வந்தது. அப்புறம் குனிந்து, மூச்சை அடக்கி, யானையின் கண்ணில் அந்தப் புள்ளியை வைத்தாள். யானை விழித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷத்தில் கை தட்டத் தோன்றியது. சித்தி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் புறப்பட்டபோது மாப்பிள்ளை மட்டும் பட்டறை வாசலில் ஒரு நிமிடம் நின்றார். டேங்க்கைப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றார். நல்ல மனிதர். உண்மையாகவே ரசித்துச் சொன்ன மாதிரிதான் இருந்தது. மூன்றாம் நாள் தரகர் போன் பண்ணி, பொருத்தம் சரியில்லையாம் என்றார்.

அம்மா எனக்கு இரண்டு அறை விட்டாள். அதற்குப் பிறகு பல மாதம் யார் வீட்டுக்கு வந்தாலும் "கூடி வந்த சம்பந்தத்தை இவதான் வந்து கெடுத்தா" என்று என்னைக் காட்டினாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. தொடாதே என்று சொன்ன ஊசியைத் தொட்டது நான், ஆட்களுக்கு நடுவே போய்க் கேட்டதும் நான். ஒரு நாள் தாங்க முடியாமல் பட்டறையில் சித்தியின் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு, என்னால்தானே உன் கல்யாணம் நின்றுபோனது என்று அழுதேன்.

"உன்னால இல்லடி" என்றாள். நான் நம்பவில்லை. அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு, கழுவிக்கொண்டிருந்த கன்னையும் ஊசியையும் என் கையில் வைத்தாள். "இப்ப தெரியுமா, எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்" என்றேன்.

சித்தி சிரித்தாள். எனக்கு அப்போதும் அழுகை நிற்கவில்லை. அவ்வளவு பெரிய சம்பந்தம் கைநழுவிப் போயும் இவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்றுதான் நினைத்தேன். அன்றைக்குப் 'பின்பக்கம்' என்கிற அந்த ஒரு சொல்லைக் கதிரையில் உட்கார்ந்தபடியே அவள் எனக்குச் சொல்லியிருக்கலாம் என்பது என் ஒன்பது வயதுப் புத்திக்கு எட்டவேயில்லை.